மூன்றாவது ராஜா குனிந்த மாலை

மலிவாகச் செய்துவிடலாம் என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அவர் இன்னும் அதைச் செய்து பார்க்கவில்லை என்று அர்த்தம். நான் செய்து பார்த்தவன். என் மாமனார் வீட்டில் இன்றைக்கும் ‘மலிவு’ என்ற சொல் யார் வாயிலிருந்து வந்தாலும், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள்கூட நிமிர்ந்து ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கவளத்தை எடுப்பார்கள். (வாசலில் தக்காளி விற்கிறவர் சொன்னாலும் எனக்கு இதே மரியாதைதான்.)

அப்போது எனக்கு ஸ்டெல்லாவுடன் நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. கிறிஸ்துமஸ் கழிந்ததும் கல்யாணம். திருவொற்றியூரில் நானும் அம்மாவும் குடியிருந்தோம். எண்ணூரில் ஒரு கண்டெய்னர் யார்டு அலுவலகத்தில் எனக்கு வேலை. அங்கே என் பக்கத்து நாற்காலி தேசப்பன். காசிமேட்டுப் பையன், அவன் அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். எனக்கும் அவனுக்கும் பொதுவாக ஒரு பைத்தியம் இருந்தது. பொம்மைப் படை விளையாட்டு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மேசைமேல் அட்டையில் மலை, ஆறு, கோட்டை எல்லாம் செய்து வைப்பது. இரண்டு பக்கமும் குட்டிப் போர்வீரர் பொம்மைகளை அணிவகுத்து நிறுத்துவது. அளவு நாடாவால் அளந்து நகர்த்துவது. பகடை உருட்டி யார் பிழைத்தார், யார் செத்தார் என்று தீர்மானிப்பது. உலகம் முழுக்கப் பெரியவர்கள் விளையாடுகிற விளையாட்டு. (அம்மாவிடம் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தேன்.)

ஒரே சிக்கல், அந்தப் பொம்மைகள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஒரு குதிரைவீரனின் விலைக்கு உயிருள்ள ஆட்டையே பிடித்துக்கொண்டு வந்துவிடலாம். ஆகவே தேசப்பனின் யானைப்படை முழுவதும் சோடா மூடி. என் காலாட்படை, பழைய சட்டைகளிலிருந்து அறுத்த பொத்தான். நான்கு துளைப் பொத்தான் சிப்பாய், இரண்டு துளைப் பொத்தான் தளபதி. இந்த நிலையில்தான் அலைபேசியில் ஒரு வெள்ளைக்காரரின் காணொளி கண்ணில் பட்டது. ‘வீட்டிலேயே படை வார்க்கலாம், செலவே இல்லை’ என்று அவர் சிரித்தார்.

செய்முறை இதுதான். குளியலறை ஓடுகளின் இடுக்கில் பூசுகிற சிலிக்கானை டியூபிலிருந்து பிதுக்கிக்கொள்ள வேண்டும். அதில் சோளமாவைக் கொட்டிச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைய வேண்டும். ஒரு பொம்மையை அதற்குள் அழுத்திக் காயவிட்டால் அச்சு தயார். அப்புறம் என்ன, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து ஊற்றினால் பிளாஸ்டர் வீரன், மெழுகு ஊற்றினால் மெழுகு வீரன். ஒரு பொம்மை இருந்தால் போதும், ஒரு நாட்டையே பிடிக்கலாம்.

சிலிக்கான் வாங்க எங்கே போவது? ராயபுரத்தில் என் வருங்கால மாமனார் செல்லத்துரையின் ஹார்டுவேர் கடை இருந்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, ஆணி விற்று மேலே வந்தவர். வேறு கடைக்குப் போய், அது அவர் காதுக்கு எட்டினால் மரியாதையாக இருக்காது என்று அங்கேயே போனேன்.

“வாங்க மாப்ள. என்ன வேணும்?”

“சிலிக்கான் டியூப் வேணும் மாமா.”

அவர் முகம் மலர்ந்தது. “பாத்ரூம் ஒழுகுதோ?”

போர்வீரர் பொம்மை செய்யப் போகிறேன் என்று பெண் கொடுக்கப் போகிறவரிடம் எந்த ஆண்மகனால் சொல்ல முடியும்? தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். கல்லாவில் இருந்தவரிடம், மூட்டை தூக்குகிறவரிடம், பக்கத்துப் பெயின்ட் கடைக்காரரிடம் என்று எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். “பாத்தீங்களா, எங்க மாப்ள கல்யாணத்துக்கு முன்னாலயே வீட்டத் தானே பூசுதாரு. பொறுப்பான புள்ள.”

முதல் டியூப் அளவு தெரியாமல் பிசைந்ததில் பிசைந்த கிண்ணத்தோடு கல்லாகிவிட்டது. மறுபடி போனேன். அடுத்தது என் கைவிரல்களோடு சேர்ந்து இறுகியது. மறுபடி போனேன். வீடு முழுக்கச் சிலிக்கானின் காடி நெடி. அம்மா பக்கத்து வீட்டில்தான் யாரோ ஊறுகாய் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா போனில் கேட்டாள்: “ஏங்க, உங்க வீட்ல இருக்கிறது பாத்ரூமா, பூண்டி ஏரியா? இவ்ளோ அடைச்சும் நிக்கலையா?”

கைப்பக்குவம் வந்த பிறகு, வார்ப்பதற்கு நல்ல மூலப் பொம்மை ஒன்று தேவைப்பட்டது. அது தானாகவே என்னைத் தேடி வந்தது.

மாமனார் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு வைக்கும் குடில் ராயபுரத்தில் பேர் பெற்றது. முன்கூடத்தில் பாதியை அது எடுத்துக்கொள்ளும். பங்குக் கோயிலில் குடில் போட்டி நடத்துவார்கள். எதிர்த்தெரு வீடு ஒன்று மோட்டார் வைத்துத் தண்ணீர் ஓடவிட்டு ஒவ்வொரு வருடமும் முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போகும். மாமனாருக்கு அது ஆறாத மனக்குறை. அந்த வருடம் குடில் பொம்மைகளுக்குப் புதிதாக வர்ணம் அடிக்கலாம் என்று பேச்சு வந்தது. “குடுங்க மாமா, நான் அடிச்சுத் தரேன்” என்று முந்திக்கொண்டேன்.

பெட்டியை வீட்டில் திறந்து பார்த்தபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. குழந்தை இயேசுவுக்குப் பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் கொண்டுவந்த மூன்று ராஜாக்கள். ஒவ்வொருவரும் ஆள்காட்டி விரல் உயரம். ஒருவர் முழந்தாளிட்டிருந்தார். ஒருவர் லேசாகக் குனிந்திருந்தார். மூன்றாவது ராஜா மட்டும் நெஞ்சை நிமிர்த்தி, அங்கி பறக்க, கையில் பேழையோடு, இந்தக் குழந்தைக்கெல்லாம் நான் குனிய மாட்டேன் என்பதுபோல் நின்றார். என் படைக்கு மன்னர் கிடைத்துவிட்டார்!

அச்சு எடுத்துவிட்டு ராஜாவைத் துடைத்து வர்ணம் அடித்துக் கொடுத்துவிடுவதுதான் திட்டம். பிசைந்தேன், அழுத்தினேன், காயவிட்டேன். பொம்மைமேல் முதலில் எண்ணெய்ப் பசை ஏதாவது தடவ வேண்டும் என்று வெள்ளைக்காரர் சொல்லியிருக்கிறார். அது விளம்பரத்துக்குப் பிறகு வருகிறது. நான் விளம்பரத்தோடு நிறுத்திவிட்டேன்.

இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தேன். வந்தது. ஆனால் ராஜாவின் முகம் வரவில்லை. மூக்கு, தாடி, கிரீடம், பேழை பிடித்த கை எல்லாம் சிலிக்கானிலேயே தங்கிவிட்டன. என் கையில் இருந்தது, பின்பக்கம் மட்டும் ராஜாவாகவும் முன்பக்கம் சுண்ணாம்புக் கட்டியாகவும் இருந்த ஒன்று. அதுவும் கணுக்காலில் ஒடிந்து.

மறுநாள் தேசப்பன் வந்து பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இன்னா மாமு இது? மூஞ்சியே காணோம்?”

“அச்சுல ஒட்டிக்கிச்சுடா.”

“மாமனார் வூட்டு ராஜாவையா காலி பண்ண? பேஜாரு மாமு. கல்யாணம் கீதா இல்லியா உனக்கு?”

ஆனால் ஒரு நல்ல செய்தியும் இருந்தது. அச்சுக்குள் சிக்கியிருந்த சுண்ணாம்பை ஊசியால் குத்திக் குத்தி எடுத்ததும், உள்ளே ராஜாவின் முகம் தாடி மயிர் வரைக்கும் அச்சு அசலாகப் பதிந்திருந்தது தெரிந்தது. ராஜா போனால் என்ன, ராஜாவின் அச்சு இருக்கிறது. இன்னொருவரை வார்த்து வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

முதலில் பிளாஸ்டர் ஊற்றினேன். அச்சைப் பிரிக்கும்போது கணுக்கால் ஒடிந்தது. இன்னொன்று ஊற்றினேன். இன்னொரு கணுக்கால். அந்த ராஜாவுக்கு உடம்பு பயில்வானுடையது, கால் கொக்குடையது. அடுத்து ரெசின் என்கிற செயற்கைப் பிசின். இரண்டு புட்டியில் வரும். கடினமாக்கும் திரவத்தைச் சரியான அளவில் கலக்க வேண்டும். நான் அம்மா குழம்புக்கு உப்பு போடுகிற மாதிரி கண்ணளவில் கலந்தேன். அந்த ராஜா கடைசிவரை இறுகவே இல்லை. அல்வா பதத்தில், தொட்டால் விரலோடு வந்தார்.

“நம்ம வூட்ல ஈயம் கீது மாமு,” என்றான் தேசப்பன். “வலைக்குக் கட்ற குண்டு. உருக்கி ஊத்துனா மலை மாரி நிப்பாரு.”

ஒரு பை நிறையக் கொண்டும் வந்துவிட்டான். அடுப்பில் வாணலியை வைத்த நேரத்தில் அம்மா உள்ளே வந்தாள்.

“டேய்! சோறு பொங்குற அடுப்புல ஈயமாடா காச்சுறீங்க? அது விஷம்டா! எந்திரிங்க ரெண்டு பேரும்!”

வாணலியோடு வெளியே வந்து விழுந்தோம். (அந்த வாணலியை அம்மா அதற்குப் பிறகு வீட்டுக்குள் சேர்க்கவில்லை. நியாயம்தான்.)

மிச்சம் இருந்தது மெழுகு. வீட்டில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த டப்பாவில் உருக்கினேன். ஒடியாமல் இருக்க, கணுக்காலுக்குப் பலம் சேர்க்க, ஒரு திரியை உச்சந்தலை முதல் பாதம்வரை உள்ளே விட்டேன். ஊற்றினேன். ஆறவிட்டேன். பிரித்தேன்.

நின்றார்! முகம், தாடி, பேழை, கணுக்கால் எல்லாம் சேதாரமில்லாமல் நின்றார். மெழுகின்மேல் வர்ணம் ஒட்டவில்லை. சூடான தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் மாதிரி உருண்டு ஓடியது. மேலே பசையைப் பூசிக் காயவைத்து அதன்மேல் அடித்தேன். சிவப்பு அங்கி, பொன் கிரீடம். மற்ற இருவரும் அவர் பக்கத்தில் வேலைக்காரர்கள் மாதிரி தெரிந்தார்கள். தேசப்பன்கூட, “மெய்யாலுமே சொல்றேன் மாமு, செத்தவரைவிட இவருதான் ஷோக்கா கீறாரு” என்றான்.

மாமனார் வீட்டிலும் அதே அபிப்பிராயம். பொம்மைகளைக் குடிலில் வைத்ததும் செல்லத்துரை மாமா மூன்றாவது ராஜாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கிறிஸ்துமஸுக்குத் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த அவர் தங்கை ரோஸ்மேரி அத்தை, “உசுரோட நிக்காரு” என்றாள். ஸ்டெல்லா மட்டும் என் முகத்தையும் ராஜாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு எதுவோ இடித்திருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மாலை, போட்டிக்கு நடுவர்கள் வருகிற நேரம். பங்குத் தந்தையும் கன்னியர் மடத்து சிஸ்டர் ஒருவரும் எதிர்த்தெருவை முடித்துவிட்டு வந்துகொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. மாமனார் உள்ளே ஓடினார். கடையிலிருந்து கொண்டுவந்த பெரிய ஹாலஜன் விளக்கோடு திரும்பி வந்தார். கட்டட வேலைக்கு வைப்பார்களே, பத்தடி தள்ளி நின்றாலே முகம் காய்கிற விளக்கு, அது.

“மாமா, இது எதுக்கு? சின்ன லைட்டே அழகா இருக்கே!”

“நீங்க சும்மா இருங்க மாப்ள. நீங்க இவ்வளவு கஷ்டப்பட்டு வர்ணம் அடிச்சிருக்கீங்க. அது நடுவர் கண்ணுல படணும்லா?”

“கண்ணு கூசும் மாமா. கொஞ்சம் தள்ளி வைங்க.”

“தள்ளியா?” என்று யோசித்தவர், விளக்கை இன்னும் கிட்டே நகர்த்தி மூன்றாவது ராஜாவின் நெற்றிக்கு நேராகத் திருப்பிவைத்தார். “இப்பப் பாருங்க, எப்படி மின்னுதாருன்னு!”

மின்னினார். எனக்குத்தான் தெரியும் அது வியர்வை என்று.

நடுவர்கள் வந்தார்கள். அவர்களோடு தெருவில் பாதிப் பேர் வந்தார்கள். பங்குத் தந்தை கண்களை மூடி ஜெபம் சொல்ல ஆரம்பித்தார். எல்லோரும் கண்களை மூடினார்கள், என்னைத் தவிர. ராஜாவின் கையில் இருந்த பேழை கனமானது. அது அவரை முன்பக்கம் இழுக்கத் தொடங்கியது. முதலில் ஒரு நூல் அளவு. பிறகு ஒரு நெல் அளவு. மெதுவாக, மிக மரியாதையாக, அத்தனை காலம் நிமிர்ந்தே நின்ற மூன்றாவது ராஜா குழந்தை இயேசுவை நோக்கிக் குனிந்தார்.

ஜெபம் முடிந்து முதலில் கண்ணைத் திறந்தது ரோஸ்மேரி அத்தை.

“ஏ யம்மா! அந்தா பாரு! ராசா குனியுதாரு!”

“எந்த ராசா?”

“நிமுந்து நின்னவருதான்! சேசுவே! குனியுதாரு, குனியுதாரு!”

அத்தை அப்படியே முழந்தாளிட்டாள். அவளைப் பார்த்து வாசலில் நின்ற பெண்கள் முழந்தாளிட்டார்கள். அவர்களைப் பார்த்துத் தெருவில் நின்றவர்கள், என்ன ஏது என்று தெரியாமலே, மண்டியிட்டார்கள். யாரோ பாட்டு ஆரம்பித்தார்கள். மாமனார் இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் தாரைதாரையாக வழிந்தது.

நான் பூனை மாதிரி நகர்ந்து விளக்கின் சுவிட்சைத் தேடினேன்.

“மாப்ள!” மாமனாரின் குரல் தழுதழுத்தது. “அணைக்காதீங்க! நல்லாப் பாக்கட்டும் எல்லாரும்!”

பார்த்தார்கள். ராஜா இடுப்புவரை வணங்கினார். வணங்கியதோடு நின்றிருக்கலாம். தாடி நீண்டது. சிவப்பு அங்கி சுருங்கி வழிந்தது. கடைசியில் கழுத்து இளகித் தலை கழன்றது. கழன்றது கீழே விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை. உள்ளே திரி இருந்ததே! கிரீடம் தரித்த தலை அந்தத் திரியில் தொங்கி, குழந்தையின் முன்னால் ஊஞ்சலாடியது.

பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றது.

பங்குத் தந்தை கிட்டே போனார். தொங்கிய தலையை இரண்டு விரலால் பிடித்து முகர்ந்து பார்த்தார். பிறகு சிஸ்டரிடம் திரும்பி, மிக அமைதியாகச் சொன்னார்: “மெழுகுவர்த்தி, சிஸ்டர். திரியெல்லாம் இருக்கு.”

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு வேகமாக வெளியே போய்விட்டார். அவருக்குப் பின்னால் பங்குத் தந்தை. அவருக்குப் பின்னால், முழங்கால் மண்ணைத் தட்டியபடி தெரு. கூடத்தில் மாமனார், அத்தை, ஸ்டெல்லா, நான்.

“மாப்ள,” என்றார் மாமனார். “எங்க வீட்டு ராஜா எங்க?”

“எங்க வீட்ல இருக்கார் மாமா.”

“எப்படி இருக்காரு?”

“மூஞ்சி மட்டும்தான் இல்ல.”

தொடங்கிவிட்டேன், முழுவதையும் சொன்னேன். தேசப்பன், சோடா மூடி யானைப்படை, சோளமாவு, வெள்ளைக்காரர், அல்வா ராஜா, எதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல என் காதுக்கே கேவலமாக இருந்தது.

ரோஸ்மேரி அத்தை எழுந்து நின்றாள். “அண்ணே, வர்ற மாசம் கல்யாணம். ஒரு ராசாவையே இந்தக் கதி பண்ணியிருக்காரு. நம்ம புள்ளைய நம்பி எப்படிக் குடுக்க?”

மாமனார் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என் கல்யாணம் அந்தக் கதவுக்குப் பின்னால் போய்விட்டது என்றே நினைத்தேன். உட்காரலாமா, போய்விடலாமா என்று தெரியவில்லை. விளக்கின் சூட்டில் நானும் கொஞ்சம் உருகிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லாதான் போய் அதை அணைத்தாள். பிறகு கதவருகே நின்று உள்ளே கேட்கிற மாதிரி சொன்னாள்:

“அப்பா, ராஜா வேணும்னா பாரிமுனையில வேற வாங்கிக்கலாம். எனக்கு இவர்தான்.”

அதைச் சொல்லி முடித்ததும் தொங்கிக்கொண்டிருந்த தலையைப் பார்த்தாள். அதுவரை அடக்கியிருந்தது அத்தனையும் வெடித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிச்சயமான பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கதவு திறந்தது. மாமனார் வெளியே வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லணும். உங்க பாத்ரூம் ஒழுகுதா, இல்லையா?”

“இல்ல மாமா.”

“ஒரு சொட்டுகூட?”

“ஒழுகினதே இல்ல மாமா.”

அவர் குனிந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து எழுந்தேன். கையை எடுத்தபோது முகம் சிவந்து, மூச்சு முட்ட, சிரித்துக்கொண்டிருந்தார்.

“ராயபுரம் பூராச் சொல்லிட்டேனே வே! வீட்டத் தானே பூசுதாருன்னு! பெயின்ட் கடைக்காரன் அவன் மகளுக்கும் இப்படி ஒரு மாப்ள பாக்கச் சொல்லியிருக்கான்!”

அத்தைக்குச் சமாதானம் ஆக இன்னும் சில நாட்கள் பிடித்தன. ஊருக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. அடுத்த ஞாயிறு பூசையில் பங்குத் தந்தை தாழ்ச்சியைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். “ஆண்டவர் முன்னால் குனிவதற்கு நமக்கு விளக்குச் சூடு தேவைப்படக் கூடாது” என்றார். ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தன. பரிசு வழக்கம்போல எதிர்த்தெருவுக்குப் போனது. ஆனால் குடிலைப் பார்க்க அந்த வருடம் கூட்டம் எங்கள் மாமனார் வீட்டில்தான். தலையை அப்படியே தொங்கவிட்டு வைக்கச் சொல்லிக் கேட்டவர்களும் உண்டு.

கல்யாணத்தன்று பீடத்தின் முன்னால் முழந்தாளிடக் குனிந்தேன். பின்னாலிருந்து மாமனார் கிசுகிசுத்தார்: “மெதுவா மாப்ள, தலையப் பிடிச்சுக்கிடுங்க.” கல்யாண வீடியோவில் மணமகனும் மணமகளும் தோள் குலுங்க ஜெபிப்பது தெரியும். பார்க்கிறவர்கள் பக்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பாரிமுனையில் வாங்கிய புது ராஜா மற்றவர்களைவிட ஒரு சாண் உயரம். ஒட்டகத்தை அவர் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளலாம். அவரைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதெல்லாம் மாமனார் வீட்டில் கதை முதலிலிருந்து தொடங்கும். சொல்லுகிறவள் ரோஸ்மேரி அத்தை. இப்போது அவள் சொல்கிற கதையில், அத்தைக்கு முதலிலிருந்தே சந்தேகம் இருந்திருக்கிறது.

போன வருடம் எங்கள் மகளுக்கு மறைக்கல்வி வகுப்பில் வாய்மொழித் தேர்வு. ஞானிகளான அந்த மூன்று ராஜாக்களும் குழந்தை இயேசுவுக்குக் கொண்டுவந்த காணிக்கைகள் எவை என்று சிஸ்டர் கேட்டிருக்கிறார். எங்கள் மகள் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, கணீரென்று சொல்லியிருக்கிறாள்:

“பொன், சாம்பிராணி, எங்கப்பா செஞ்ச மெழுகுவர்த்தி.”

முழு மதிப்பெண் போட்டிருக்கிறார் சிஸ்டர். அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிய அதே சிஸ்டர்தான்.